பேக்கர்ஸ் அண்டு மூவர்ஸ் கூடுதல் பணம் கேட்டால்: சாமானை இறக்குவது முதல் பணத்தைத் திரும்ப வாங்குவது வரை

பெங்களூரு ஒயிட்ஃபீல்டிலிருந்து கோவை சரவணம்பட்டிக்கு வீடு மாற்ற நான் பேசிய தொகை 28,000 ரூபாய். அட்வான்ஸ் 6,000 போக பாக்கி 22,000. சாமான் கோவை வந்து சேர்ந்ததும் 37,400 கேட்டார்கள். கொடுத்தால்தான் லாரிக் கதவு திறக்கும் என்று போனில் சொல்லிவிட்டார்கள். அன்றைக்குக் கொடுத்தேன். பிறகு அந்தக் கூடுதல் 15,400-இல் 11,000 ரூபாயைத் திரும்ப வாங்கினேன். அதை எப்படி வாங்கினேன் என்பதுதான் இந்தக் கட்டுரை. இதே நிலைமையில் இப்போது லாரி பக்கத்தில் நின்றுகொண்டு படிக்கிறீர்கள் என்றால் முதல் பகுதியை மட்டும் படியுங்கள், மற்றது நாளைக்கு.

1. சாமான் இன்னும் லாரியில் இருக்கிறதா? முதலில் இறக்குங்கள்

இந்த நேரத்தில் "இந்த சார்ஜ் நியாயமா" என்று விவாதிப்பதில் பயனில்லை. உங்கள் பிரிட்ஜும் பீரோவும் அவர்கள் கையில் இருக்கும்வரை எந்த நியாயமும் எடுபடாது. இப்போது செய்ய வேண்டியது இரண்டே வேலை: சாமானைப் பத்திரமாக வீட்டுக்குள் கொண்டுவருவது, பின்னால் வாதாடுவதற்கான தடயத்தை உண்டாக்குவது.

டிரைவரிடம் கோபப்படாதீர்கள். பெரும்பாலும் அந்த லாரி நீங்கள் புக் செய்த நிறுவனத்தின் லாரியே கிடையாது. வெளியே வாடகைக்கு எடுத்திருப்பார்கள், டிரைவரின் வாடகைப் பாக்கியே உங்களிடம் வசூலாகும் பணத்திலிருந்துதான் போகும். அவருக்கும் மேலே இருந்து போன் வந்துகொண்டிருக்கும். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "அண்ணா, உங்களுக்கு வர வேண்டியது எவ்வளவு?" என்று கேளுங்கள். என்னிடம் அவர் சொன்ன தொகை பேசிய பாக்கிக்குள்ளேயே அடங்கிவிட்டது. அப்போதுதான் மீதி யாருக்குப் போகிறது என்று புரிந்தது.

அப்புறம் வரிசையாக இவற்றைச் செய்யுங்கள்.

வண்டி நம்பர் பிளேட்டை போட்டோ எடுங்கள். கதவு பூட்டியிருப்பதையும், திறந்தால் உள்ளே ஏற்றியிருக்கும் விதத்தையும் சேர்த்து எடுங்கள்.

நிறுவனத்தில் உங்களிடம் விலை பேசியவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: "பேசிய தொகை 28,000. அட்வான்ஸ் 6,000 போக பாக்கி 22,000 இப்போதே அனுப்பத் தயார். இதற்கு மேல் கேட்கும் தொகை எந்தெந்த வகைக்கு எவ்வளவு என்று எழுத்தில் அனுப்பவும்." அவர் உடனே போன் செய்வார். எடுத்துப் பேசுங்கள், ஆனால் பேசி முடித்ததும் பேசியதைச் சுருக்கமாக மறுபடி வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். "நீங்கள் இப்போது போனில் சொன்னது…" என்று ஆரம்பித்தால் போதும். அவர் மறுக்காமல் நீல டிக் விழுந்தாலே உங்களுக்கு லாபம்.

பாக்கியைத் தரத் தயார் என்று எழுதுவது ரொம்ப முக்கியம். பேசிய பணத்தையே நீங்கள் தரவில்லை என்று ஆகிவிட்டால், சாமானைப் பிடித்து வைக்க அவர்களுக்கு ஒரு நியாயம் கிடைத்துவிடும்.

அதற்கும் மசியவில்லை என்றால் 112. போலீஸ் வந்ததும் "அதிகமாகக் காசு கேட்கிறார்கள் சார்" என்று சொன்னால், "இது சிவில் மேட்டர், நீங்களே பேசித் தீர்த்துக்கோங்க" என்று கிளம்பிவிடுவார்கள். இப்படிச் சொல்லுங்கள்: "பேசிய பணம் கையில் இருக்கிறது, தரத் தயார். ஆனால் என் வீட்டுச் சாமானைத் தராமல் பிடித்து வைத்திருக்கிறார்கள்." சரக்கு ஏற்றிச் செல்ல ஒப்படைக்கப்பட்டவர் அதில் நம்பிக்கை மோசடி செய்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்கிற தண்டனைச் சட்டத்தின் 316(3) பிரிவில் 7 ஆண்டு வரை சிறை உண்டு. இந்தப் பிரிவு எண்ணை மரியாதையாக, மிரட்டும் தொனி இல்லாமல் சொன்னால் நிறுவனத்தின் பேச்சு கொஞ்சம் மாறும். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால் தமிழ்நாட்டில் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகார் பெற்றதற்கான சீட்டு, தருவார்கள். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் நல்ல ஆவணம்.

கைக்குழந்தை, வயதானவர்கள், மழை, அபார்ட்மென்ட்டில் மாலை 6 மணிக்கு மேல் சாமான் ஏற்றக் கூடாது என்ற விதி என்று ஏதாவது ஒன்று கழுத்தைப் பிடிக்கும். அப்படியானால் கொடுத்துவிடுங்கள். ஆனால் கொடுக்கும் விதம் இருக்கிறது:

ரொக்கம் வேண்டாம். டிரைவரின் சொந்த நம்பருக்கும் வேண்டாம். கொட்டேஷனில் இருக்கும் நிறுவனக் கணக்குக்கே யு.பி.ஐ.யில் அனுப்புங்கள். பேசிய 22,000 ஒரு தடவை, கூடுதல் தொகை இன்னொரு தடவை என்று தனித்தனியாக. இரண்டாவதற்குக் குறிப்பு எழுதும் இடத்தில் "ஆட்சேபத்துடன் கூடுதல்" என்று போடுங்கள். அனுப்புவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் ஒரு வரி: "சாமானை இறக்க மறுப்பதால் வேறு வழியின்றி இந்த 15,400-ஐ ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன். இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை, திரும்பக் கேட்பேன்." இந்த ஒரு வரி இல்லாவிட்டால் பின்னால் அவர்கள் சொல்லப்போவது, "கஸ்டமர் சம்மதித்துத்தானே கொடுத்தார்."

கடைசியாக டெலிவரி சீட்டு. "சாமான்கள் நல்ல நிலையில் கிடைத்தன, எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அச்சடித்த தாளை நீட்டி, லோடுமேன்கள் அவசரப்படுத்துவார்கள். கையெழுத்துக்கு மேலே பேனாவால் "கூடுதல் கட்டணம் ஆட்சேபத்துடன் செலுத்தப்பட்டது, பெட்டிகள் இன்னும் பிரித்துப் பார்க்கப்படவில்லை" என்று எழுதிவிட்டுப் போடுங்கள், போட்டதைப் படமெடுங்கள்.

2. கேட்ட தொகையை வகை வகையாகப் பிரியுங்கள்

மொத்தமாக "ஏமாற்றிவிட்டார்கள்" என்று எழுதினால் யாரும் மதிக்க மாட்டார்கள். ஒவ்வொரு வகையாக எடுத்து, எது நியாயம், எது இல்லை என்று நீங்களே முதலில் தீர்ப்புச் சொல்லிக்கொள்ளுங்கள். என் விஷயத்தில் அந்த 15,400 இப்படி இருந்தது: கூடுதல் சாமான் 4,500, மாடி ஏற்றியது 2,000, டோலும் என்ட்ரி டாக்ஸும் 2,360, வண்டி காத்திருந்ததற்கு 1,500, ஜிஎஸ்டி 5,040.

கூடுதல் சாமான்: விலை சொல்வதற்காகச் சாமானைப் பார்த்து சர்வே எடுத்தபோது எழுதிய பட்டியலையும் ஏற்றும்போது போட்ட பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் பட்டியலில் டேபிள்டாப் கிரைண்டர் ஒரு ஐட்டம், அதன் கல் இன்னொரு ஐட்டம். கட்டில் ஒன்று, அதன் தலைப்பலகை தனியாக ஒன்று. இப்படி எண்ணிக்கையை ஏற்றியிருந்தார்கள். அதே சமயம், ஒரு சைக்கிளும் ஒரு புத்தக அலமாரியும் நிஜமாகவே பிறகு சேர்ந்தவை. அதற்கு 1,200 தருவது நியாயம் என்று நானே ஒப்புக்கொண்டேன்.

மாடி: புது வீடு எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா என்று கொட்டேஷனில் எழுதியிருந்தால் அதற்கு மேல் கேட்க முடியாது. எங்கள் வீடு மூன்றாவது மாடி, அன்றைக்கு லிஃப்ட் ரிப்பேர். பீரோவையும் வாஷிங் மெஷினையும் நான்கு பேர் தோளில் தூக்கிப் போனார்கள். அந்த 2,000-ஐ நான் திரும்பக் கேட்கவே இல்லை.

டோல்: "டோல் உட்பட" என்று இருந்தால் பேச்சே இல்லை. "தனி" என்று இருந்தால் ஃபாஸ்டேக் கணக்கு விவரத்தைக் கேளுங்கள். பார்ட் லோடில் வந்திருந்தால், அதாவது அதே லாரியில் இன்னும் நாலு வீட்டுச் சாமான் இருந்தால், முழு டோலும் உங்கள் தலையில் விழக் கூடாது.

என்ட்ரி டாக்ஸ், ஆக்ட்ராய் (ஊருக்குள் வரும் சரக்குக்கு முன்பு வாங்கிய வரி), ஈ-வே பில் (சரக்கை எடுத்துச் செல்ல இணையத்தில் எடுக்கும் சீட்டு) கட்டணம்: இவை மூன்றும் கதை. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபோதே ஆக்ட்ராயும் சரக்கு நுழைவு வரியும் அதற்குள் போய்விட்டன. பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு ஈ-வே பில்லே தேவையில்லை, விதியிலேயே விலக்கு இருக்கிறது. "ஓசூர் பார்டர்ல கட்டினோம்" என்றால் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டார்கள்.

காத்திருப்புக் கட்டணம்: தாமதம் யாரால் என்பதுதான் கேள்வி. நீங்கள் சாவி வாங்கத் தாமதமானால் உங்கள் செலவு. அவர்களே பணம் கேட்டு நிறுத்தி வைத்த நேரத்துக்கு உங்களிடமே கட்டணம் கேட்டால், அதைவிட வேடிக்கை கிடையாது. என்னிடம் கேட்ட 1,500 அந்த ரகம்.

ஜிஎஸ்டி: இதை நன்றாகப் பாருங்கள், இங்கேதான் பிடி கிடைக்கும். கொட்டேஷனில் "ஜிஎஸ்டி தனி" என்று இருக்கிறதா? அப்படி இருந்தாலும், வரி வசூலித்தால் ஜிஎஸ்டி எண்ணோடு முறையான பில் தர வேண்டும். ஜிஎஸ்டி தளத்தில் வரி செலுத்துவோரைத் தேடும் பகுதியில் அந்த 15 இலக்க எண்ணைப் போட்டால் யார் பெயரில், எந்த ஊரில், இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: கர்நாடகத்துக்கு 29, தமிழ்நாட்டுக்கு 33. எண் வேறொருவர் பெயரிலோ, ரத்தான நிலையிலோ இருந்தால் அந்த வரியை வசூலிக்கவே அவர்களுக்கு உரிமை இல்லை. திரையைப் படமெடுத்து வையுங்கள்.

இன்ஷூரன்ஸ்: சாமான் மதிப்பில் 3 சதவீதம் என்று வாங்கியிருப்பார்கள். காப்பீட்டு நிறுவனம் கொடுத்த சான்றிதழ் எங்கே என்று கேளுங்கள். பல இடங்களில் அது நிறுவனமே "ரிஸ்க் கவரேஜ்" என்று போட்டுக்கொண்ட பெயர், பாலிசி எதுவும் இருக்காது. பாலிசி இல்லையென்றால் அந்தப் பணமும் திரும்பக் கேட்கும் கணக்கில் சேரும்.

கணக்குப் போட்டுப் பார்த்ததில் 15,400-இல் 3,200 நியாயம், 12,200 நியாயமில்லை. இப்படி ஒரு எண் கையில் இருந்தால்தான் மேலே போக முடியும்.

3. கோப்பு

ஒரு ஃபோல்டரில் இவை எல்லாம்: கொட்டேஷன் (வாட்ஸ்அப்பில் வந்த படமாக இருந்தாலும் சரி), சாமான் பட்டியல், எல்.ஆர். என்கிற லாரி ரசீது, அட்வான்ஸ் ரசீது, யு.பி.ஐ. பரிவர்த்தனை எண்கள், முழு வாட்ஸ்அப் உரையாடல், கால் வரலாறு, படங்கள், சி.எஸ்.ஆர். இருந்தால் அதுவும். வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, ஏற்றுமதி செய்யும் வசதியில் முழு உரையாடலையும் மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். அவர்கள் "அனைவருக்கும் நீக்கு" கொடுப்பதற்கு முன்.

பில் கொடுக்கவே இல்லையா? எழுத்தில் கேளுங்கள். சேவைக்கு பில் கொடுக்காததை 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. நீங்கள் கேட்டு அவர்கள் தராமல் இருப்பதும் ஓர் ஆதாரம்தான்.

பில் யார் பெயரில் என்றும் பாருங்கள். வேலை செய்யும் கம்பெனி செலவை ஏற்கிறது என்று அவர்கள் பெயரில் பில் போட்டிருந்தால், வழக்குப் போடும் உரிமை யாருடையது என்று ஒரு குழப்பம் வரும். உங்கள் பெயரில் பில் வாங்கி, பிறகு அலுவலகத்தில் செலவைக் கேட்பது நல்லது. கடை, அலுவலகம் மாற்றியவர்களுக்கு இந்த வழி பெரும்பாலும் பொருந்தாது, வணிக நோக்கத்துக்கு வாங்கிய சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது.

4. நிறுவனத்துக்கு ஒரு மெயில்

நீளமாக எழுதாதீர்கள். புக்கிங் எண், தேதி, பேசிய தொகை, வாங்கிய தொகை, மேலே போட்ட கணக்கு, திரும்ப வேண்டிய தொகை, உங்கள் வங்கிக் கணக்கு, 15 நாள் கெடு. அவ்வளவுதான். "நீங்கள் திருடர்கள்" என்ற வரியை எழுதினால் உங்களுக்கு ஆறுதல், அவர்களுக்கு வசதி.

நியாயமான வகைகளை நீங்களே கழித்துக் காட்டுவது நன்றாக வேலை செய்யும். பின்னால் வழக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், அங்கே படிப்பவர்களுக்கும் நீங்கள் அடாவடிக்காரர் இல்லை என்று தெரியும்.

5. 1915

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தேசிய விடுமுறை நாட்கள் தவிர காலை 8 முதல் இரவு 8 வரை, தமிழிலும் பேசலாம். 8800001915 என்ற எண்ணில் வாட்ஸ்அப்பிலும் புகார் கொடுக்கலாம். செலவு இல்லை. புகார் எண் தருவார்கள், புகாரை நிறுவனத்துக்கு அனுப்பி பதில் கேட்பார்கள்.

இது நீதிமன்றம் இல்லை. பெரிய நிறுவனம் என்றால் பெயருக்குப் பயந்து பதில் வரும். இணையத்தில் மட்டும் வாழும் சின்ன ஏஜென்ட் என்றால் கண்டுகொள்ளவே மாட்டார். அப்படி ஆனாலும் புகார் எண் வீண் இல்லை, கோப்பில் சேருங்கள். இங்கே பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், இதைப் போட்டுவிட்டு அடுத்த படிக்குப் போய்விடலாம்.

அந்த நிறுவனமே போலி, முகவரியில் யாரும் இல்லை, போனும் அணைந்துவிட்டது என்றால் இது கட்டணத் தகராறு இல்லை, மோசடி. உடனே 1930-க்கு அழைத்து சைபர் குற்றப் புகாராகக் கொடுங்கள். அதில் தாமதம் கூடாது, பணம் கணக்கிலிருந்து கைமாறுவதற்குள் முடக்கினால்தான் உண்டு.

6. நோட்டீஸ்

மெயிலுக்குப் பலன் இல்லையென்றால் அடுத்தது, பணத்தைத் தராவிட்டால் வழக்குப் போடுவேன் என்று நிறுவனத்துக்கு அனுப்பும் நோட்டீஸ். வக்கீல் வைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை, நீங்களே எழுதலாம். வக்கீல் அனுப்பினால் ஊரையும் ஆளையும் பொறுத்துச் சில ஆயிரம் ஆகும். 12,000 ரூபாய்க்காகச் சண்டை போடும்போது அதில் கால்வாசியை அங்கே கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நானே எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்பினேன்.

முகவரிதான் சிக்கல். கொட்டேஷனில் ஒன்று, எல்.ஆரில் ஒன்று, ஜிஎஸ்டி தளத்தில் ஒன்று இருக்கும். எல்லாவற்றுக்கும் அனுப்புங்கள், மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரு பிரதி. தபால் ரசீதையும், டெலிவரி ஆன விவரம் காட்டும் பக்கத்தையும் சேர்த்து வையுங்கள். "வாங்க மறுத்தார்" என்று திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள்.

சாமான் உடைந்தோ காணாமலோ போயிருந்தால் அதற்குத் தனிக் கெடு உண்டு. 2007-இன் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். கட்டணச் சண்டை முடியட்டும், அப்புறம் உடைந்த டி.வி.யைப் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். ஒரே நோட்டீஸில் இரண்டையும் எழுதிவிடலாம்.

7. மாவட்ட நுகர்வோர் ஆணையம்

பெயரைக் கேட்டுப் பயப்படத் தேவையில்லை. சேவைக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் ஆணையக் கட்டணம் ஒரு ரூபாய்கூட இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. எதிர்த்தரப்பு பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 2019 சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. பில்லின் அடியில் "பெங்களூரு நீதிமன்றங்களுக்கு மட்டும் உட்பட்டது" என்று சின்ன எழுத்தில் அச்சடித்திருப்பதைக் காட்டி உங்களை விரட்டப் பார்ப்பார்கள். கண்டுகொள்ளாதீர்கள்.

கெடு: பிரச்சினை நடந்த நாளிலிருந்து 2 ஆண்டு.

தாக்கல் செய்ய இ-ஜாக்ரிதி தளம் இருக்கிறது, வீட்டிலிருந்தே போடலாம். தேவைப்படுபவை: நடந்ததைத் தேதி வரிசையில் சொல்லும் புகார் மனு, பிரமாணப் பத்திரம், ஆவணப் பட்டியலும் ஆவணங்களும், முகவரிச் சான்று. பிரமாணப் பத்திரத்துக்கு நோட்டரியிடம் சில நூறு ஆகும். வாட்ஸ்அப், மெயில் போன்றவற்றைச் சேர்க்கும்போது பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்கிற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழையும் இணைத்துவிடுங்கள். "இந்தப் பதிவுகள் என் போனிலிருந்து எடுத்தவை" என்று உறுதி சொல்லும் தாள் அது. ஆங்கிலம் தடுமாறினால் தமிழில் எழுதுங்கள்.

என்ன கேட்பது என்பதில் நிதானம் வேண்டும். கூடுதலாக வாங்கிய தொகை, அதற்கு வட்டி, மன உளைச்சலுக்கு ஓர் அளவான தொகை, வழக்குச் செலவு. 12,000 ரூபாய் தகராறுக்கு 10 லட்சம் நஷ்டஈடு கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அது மனுவின் கனத்தைக் குறைக்கும்.

காலம்: நோட்டீஸ் கிடைத்த எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் போட வேண்டும், ஆணையம் விரும்பினால் இன்னும் 15 நாள் தரலாம். வழக்கை 3 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட நீளும், அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். அவர்கள் வரவே இல்லை என்றால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வரும். தீர்ப்புக்குப் பிறகும் பணம் தராவிட்டால் நிறைவேற்று மனு போடலாம். உத்தரவை மதிக்காதவருக்கு நுகர்வோர் சட்டத்தின் 72-வது பிரிவில் ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 முதல் 1 லட்சம் வரை அபராதம், இல்லையென்றால் இரண்டுமே கிடைக்கலாம்.

8. சமரசத்துக்கு வந்தால்

பாதிப் பேருக்கு விஷயம் இங்கேதான் முடியும். ஆணையத்தின் நோட்டீஸ் கையில் கிடைத்ததும், அதுவரை போனை எடுக்காதவரே கூப்பிட்டு "சார், பேசித் தீர்த்துக்கலாமே" என்பார். எனக்கும் அப்படித்தான் 11,000-க்கு முடிந்தது. மீதி 1,200-க்காக இன்னொரு வருடம் அலைய விருப்பமில்லை.

ஆனால் வரிசை தவறக் கூடாது. "நீங்க கேஸை வாபஸ் வாங்குங்க, மறுநாள் பணம் போடுறோம்" என்பார்கள். பணம் முதலில், கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகு வாபஸ். தொகை, தேதி, எதற்காக என்பதை மெயிலில் அவர்களே எழுதட்டும். உடைந்த சாமானுக்கான கோரிக்கை தனியாக இருந்தால், "எல்லாக் கோரிக்கைகளும் இத்துடன் முழுமையாகத் தீர்ந்தன" என்ற வரியில் கையெழுத்துப் போடாதீர்கள். "கூடுதல் கட்டணம் தொடர்பாக மட்டும்" என்று திருத்தச் சொல்லுங்கள்.

கூகுளில் எழுதிய விமர்சனத்தை நீக்கச் சொல்வார்கள், அவர்களுக்குப் பணத்தைவிட அதுதான் உறுத்தல். நீக்குவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். நான் நீக்கவில்லை; "பிரச்சினைக்குப் பிறகு பணத்தின் பெரும்பகுதியைத் திருப்பித் தந்தார்கள்" என்று கீழே ஒரு வரி சேர்த்தேன். "பணம் தராவிட்டால் விமர்சனம் எழுதுவேன்" என்று மட்டும் எங்கேயும் எழுதிவிடாதீர்கள், அதையே எடுத்து ஆணையத்தில் உங்களுக்கு எதிராக வைப்பார்கள்.